இரவிலேயே அடுக்கிய புத்தகப் பை



பால்மரக் காட்டில் வளர்ந்த நமக்கு ஒழுங்கை முதலில் கற்பித்தவர்கள் நம் பெற்றோரே. பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டியவர்கள், உளியை முன்னிரவிலேயே தீட்டி வைத்துவிடுவர். வாளியும் சாப்பாட்டுப் பாத்திரமும் வாசலருகே கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். விடியற்காலையில்தான் மரத்தினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் ஒழுகுவது குறைந்துவிடும். உளியைத் தேடுவதில் கால்மணி நேரம் கழிந்தால், அன்றைய பாலும் அதற்கேற்பக் குறையும். இதனை அவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை.

இதே கணக்கு மாணவருக்கும் பொருந்துவதைப் பின்னாளில் வகுப்பறையில் நின்று கண்டோம். கணிதப் பாடம் தொடங்கியதும் சிலர் பென்சிலைத் தேடுவர். சிலர் அளவுகோலுக்காகப் பக்கத்து மாணவனிடம் கை நீட்டுவர். ஆசிரியர் பின்னக் கணக்கின் முதற்படியைப் பலகையில் விளக்கும் நேரம் அதுவே. முதற்படியைத் தவறவிட்டவனுக்கு அடுத்த படிகள் விளங்குவதில்லை. "எனக்குக் கணக்கு வராது" என்று அவன் சொல்லத் தொடங்குகிறான். வீட்டாரும் அவ்வாறே நம்பிவிடுகின்றனர். ஒரு பென்சில் இல்லாமற்போனதில் தொடங்கிய கதை இது என்பதை எவரும் நினைப்பதில்லை.

அதற்காக, அழகாக அட்டை போட்ட ஏடுகளெல்லாம் கல்வியாகிவிடா. வண்ணப் பென்சிலால் கால அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு, அதன்பின் அதனை ஏறிட்டும் பாராத மாணவர் பலரை நாம் அறிவோம். (வரைவதிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும் என்பது வேறு!) நாம் வேண்டுவது சிறு பழக்கமே. நாள்தோறும் ஒரே நேரத்தில் அமர்ந்து, அன்று படித்ததை ஒருமுறை திருப்பிப் பார்த்து, மறுநாளுக்கு வேண்டியவற்றைப் பையில் எடுத்து வைத்தல் வேண்டும்.

ஜெர்மானிய அறிஞர் எர்மன் எப்பிங்காஸ் என்பார், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவை எவ்வளவு காலத்தில் மறந்துபோகின்றன என்று அளந்து, 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்று முடித்த முதற்சில மணி நேரத்திலேயே மறதி மிக விரைவாக நிகழ்கிறது என்பதும், பல நாட்களில் பகிர்ந்து படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பயன் தரும் என்பதும் அவர் கண்டவை. தேர்வுக்கு முன்னிரவில் மட்டும் கண்விழிப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இனி ஏடுகளைக் கவனிக்க வேண்டியதில்லை என்று கருதும் பெற்றோர் உளர். ஆண்டு முழுதும் வகுப்பறையிலேயே மதிப்பீடு நடைபெறுவதால், ஒவ்வொரு நாள் வேலையும் முன்னைவிடக் கூடுதலாகக் கணக்கில் வருகிறது.

"எங்களுக்கு அவ்வளவு படிப்பில்லையே, பிள்ளைக்கு எப்படி உதவுவோம்?" என்று கேட்கும் தாய்மார்களை இன்றும் சந்திக்கிறோம். எழுத்தறியாத பாட்டியும், "பை அடுக்கியாச்சா, ஐயா?" என்று இரவில் கேட்கலாமே! துணைப்பாட வகுப்புக்குப் பணம் வேண்டும், இதற்கு வேண்டாம். தனி மேசை இல்லாத வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னோ அட்டைப் பெட்டியோ போதும். அதில் அப்பிள்ளையின் பொருள்களன்றி வேறெதுவும் வைத்தலாகாது. தம்பி தங்கையர் கை எட்டாத உயரத்தில் இருத்தல் நலம். பள்ளியிலிருந்து கடிதம் வந்தால், அன்றிரவே கையொப்பமிட்டுப் பையினுள் வைத்துவிடுங்கள். காலையில் பேருந்து வாசலில் வந்து நிற்கும்போது, வீட்டில் ஒரு பேனாவும் அகப்படுவதில்லை.