முதல் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

"முதலில் கையேட்டைப் படி." லினக்ஸ் குழுக்களில் புதிதாய் வருபவர் காலங்காலமாய் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பதில் இது. இலங்கையில் எங்கள் ஊரான உயிலங்குளத்துப் பிள்ளைக்கு அந்தக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் படிக்க டேட்டாவுக்குக் காசும் வேண்டும்.

இங்கே ஒரு தம்பியின் பழைய லப்டொப்பில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தோம். மறுநாளே கோல் எடுத்தான்: "அண்ணா, கீபோர்ட் வேலை செய்யுதில்லை." போய்ப் பார்த்தால், டெர்மினலில் சூடோ கட்டளை பாஸ்வேர்ட் கேட்டு நிற்கிறது. அவன் தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பாஸ்வேர்டின் நீளத்தைக்கூட அடுத்தவர் அறியக் கூடாதென்று யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. பழகியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அவனோ இரவு முழுக்க லப்டொப் பழுதாகிவிட்டதென்று பயந்திருக்கிறான். "தெரியாட்டிலும் பரவாயில்லை, அடிச்சு எண்டரைத் தட்டு தம்பி" என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் போதும்.

உபுண்டுக்காரர்கள் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் சீடியை இலவசமாய்த் தபாலில் அனுப்பினார்கள். பெரிய மனது அது. சீடி வந்து சேர்ந்த ஊர்கள் எல்லாவற்றிலும் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கவில்லை. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் லினக்ஸ் கெர்னல் குழுவுக்கு நடத்தை விதிகளும் வந்தன. வேண்டியவைதான். ஆனால் விதி திட்டுவதைத்தான் தடுக்கும், சொல்லிக் கொடுக்காது.

சொல்லிக் கொடுப்பவர் யார் என்று எங்கள் ஊருக்குத் தெரியும். போர்க்காலத்தில் உயிலங்குளத்தில் சோதனைச் சாவடி இருந்தது. அங்கே புதிதாய் வருபவருக்கு வரிசையில் முன்னால் நிற்பவர்தான் வழிகாட்டி: "அடையாள அட்டையைக் கையில எடுத்து வையுங்கோ." கணினியிலும் நேற்றுக் கற்றவருக்குத்தான் இன்று வந்தவரின் தடுமாற்றம் விளங்கும். பத்து வருடம் புழங்கியவர் அதை மறந்திருப்பார். ஆகவே முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையைக் குழுக்கள் புதியவர்களிடமே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் கேட்டால் தமிழில் பதில் வர வேண்டும். 2012இல் தொடங்கிய 'கணியம்' என்ற கணினி இதழ் அந்த வேலையைத் தமிழ்நாட்டிலிருந்து செய்து வருகிறது. ஆனால் அங்கே தமிழ்99 விசைப்பலகை பழகியவர்கள் அதிகம். நம் நாட்டுத் தரமோ ரெங்கநாதன் விசைப்பலகை. லினக்ஸில் அதுவும் இருக்கிறது. எந்தப் பட்டியலில் தேடுவதென்று நம்மவர்தான் எழுதி வைக்க வேண்டும்.

பதில் சொல்வது போலவே மெனுக்களைத் தமிழாக்கவும் நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உபுண்டுவில் புதியவர் அனுப்பும் தமிழாக்கத்தைக் குழுவில் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது சேரும். மாதக்கணக்கில் எவரும் பார்க்காவிட்டால் அனுப்பியவர் திரும்பி வரமாட்டார். தமிழ்க் குழுக்களுக்கு இன்று மிக அவசரமாய்த் தேவைப்படுபவர், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தத் தமிழாக்கங்களைப் பார்த்து, பிழையிருந்தால் ஏனென்று இரண்டு வரி எழுதிப் போடுபவர்.