செத்த காலேசு

மேலூர்ப் பக்கம் எங்கள் கிராமம். அப்பத்தா தன் ஆயுசில் ஒரே ஒரு முறைதான் மெட்ராசுக்குப் போனாள். திரும்பி வந்து வருசக்கணக்கில் சொன்ன கதையில் கடலுக்கும் எல்.ஐ.சி. கட்டடத்துக்கும் அடுத்த இடம் இரண்டு காலேசுகளுக்கு. "செத்த காலேசு, உசுரு காலேசு ரெண்டையும் பாத்துட்டேன்டா. ஒண்ணுல எல்லாம் அசையாம நிக்கும். இன்னொண்ணுல எல்லாம் கத்தும்."

எங்கள் வீட்டில் 'செத்த இரு' என்றால் 'கொஞ்சம் பொறு'. அதனால் செத்த காலேசு என்பது கொஞ்ச நேரம் மட்டும் நடக்கிற காலேஜ், மத்தியானமே மணி அடித்துவிடுவார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் பிடிக்காத பையனுக்கு அப்படித்தான் தோன்றும்.

பிறகு அது எழும்பூர் அருங்காட்சியகம், மற்றது மிருகக்காட்சி சாலை என்று தெரிந்தது. செத்தது, உசுரு இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை. பாடம் செய்த புலியும் எலும்புக்கூடும் ஒரு பக்கம், மூச்சு விடுகிற புலி இன்னொரு பக்கம். என்னைக் குடைந்தது காலேசு. கல்கத்தாக்காரர்கள் தங்கள் மியூசியத்தை ஜாதுகர், அதாவது மாய வீடு என்கிறார்கள். அது புரிகிறது. நம் ஆட்கள் மட்டும் ஏன் காலேஜ் என்றார்கள்?

என்னோடு வேலை பார்த்த விலங்கியல் ஆசிரியர், மருத்துவக் கல்லூரியோடு குழப்பிக்கொண்டிருப்பார்கள் என்றார். இங்கும் சீசா, அங்கும் சீசா, உள்ளே செத்தது. இன்னொரு நண்பர் கன்னிமாரா நூலகத்தைக் காட்டினார். அதே வளாகம், படிக்க வருகிற மாணவர் கூட்டம், பார்க்கிறவர்கள் காலேஜ் என்றுதான் நினைப்பார்கள். இது நல்ல யோசனை என்று கொஞ்ச காலம் நானும் சொல்லித் திரிந்தேன். ஆனால் கன்னிமாரா திறந்தது 1896இல். முதலில் அங்கேயே இருந்த மிருகங்களோ அதற்கு முப்பது வருசத்துக்கும் முன்பே அந்த வளாகத்தை விட்டுப் போய்விட்டன. போன வீட்டில் பிறகு வைத்த பெயர் அவற்றின் பின்னாலேயே ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளுமா?

விடை வேறொரு தெருவில் கிடந்தது. அருங்காட்சியகம் பிறந்தது எழும்பூரிலேயே இல்லை. மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி 1846இல் மியூசியம் வேண்டும் என்று கேட்டது. 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் பொறுப்பேற்று, சுமார் 1100 கல், தாது மாதிரிகளோடு தொடங்கினார். இடம் நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடி. கம்பெனி வேலைக்கு வந்த வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்க 1812இல் ஏற்பட்ட கல்லூரி அது. அந்தத் தெருவுக்கு இன்றும் காலேஜ் ரோடு என்றே பெயர். கல்லூரி இருந்த இடம், டி.பி.ஐ. என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த கல்வித் துறை வளாகம்தான். அங்கே நானே எத்தனை தடவை போயிருக்கிறேன்!

இடையில் ஒரு கிளைக்கதை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று 1816லேயே எழுதிய எல்லிஸ் இந்தக் கல்லூரியை நடத்தியவர்களில் முதன்மையானவர். 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தார். அவர் விட்டுப்போன காகிதங்களை எங்கள் மதுரைக் கலெக்டர் வீட்டுச் சமையல்காரர் மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். மதுரைக்காரன் என்ற முறையில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

1854 கடைசியில் மியூசியம் எழும்பூரில் உள்ள பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. பால்ஃபர் அங்கே உயிருள்ள மிருகங்களையும் வைத்துப் பார்த்தார், கூட்டம் குவிந்தது. கர்நாடக நவாபிடமிருந்தும் மிருகங்கள் வந்தன. 1855இல் மிருகக்காட்சி சாலையே உருவாகி, பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூரில் குடியேறியது. மூன்றரை வருசம் குடியிருந்த வீட்டின் பெயரை மியூசியம் கூடவே எடுத்து வந்தது, தன் வயிற்றில் பிறந்ததற்கும் அதையே கொடுத்தது என்பதுதான் என் முடிவு. அப்பத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். படித்த நாங்கள்தான் மருத்துவக் கல்லூரி, நூலகம் என்று சுற்றினோம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு மறுபடி எழும்பூர் போனேன். பாண்டியன் ரயிலில் ஏறிப் பாந்தியன் சாலைக்குப் போவது ஒரு பொருத்தம். மியூசியத்தில் தலைக்கு மேலே ஒரு திமிங்கலம். 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கியது, சுமார் அறுபது அடி எலும்பு. முகத்திலிருந்து வால்வரை மெதுவாக நடந்து பாருங்கள். துடுப்பின் உள்ளே கை விரல்போல எலும்புகள் வரிசையாக இருக்கும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற சங்கதி, அங்கே கழுத்து வலிக்க நிற்கவைக்கிறது. யானை எலும்புக்கூட்டின் முன்னால் நின்ற சிறுவன் ஒருவன், "தும்பிக்கை எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தும்பிக்கையில் எலும்பே கிடையாது. அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் குறுக்கே புகுந்து சொன்னேன், வாத்தியார் புத்தி.

மதுரையிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தமுக்கத்துக்குப் பக்கத்தில், காந்தி அருங்காட்சியக வளாகத்துக்குள், 1981 முதல். காந்தியின் ரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்களே அதிகம். உசுரு காலேசு வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பக்கமே அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். பாறை உச்சியில் வல்லூறு, இருட்டினால் தேவாங்கு, எறும்புதின்னி. கூண்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

எழும்பூரில் இறங்குகிறவர்கள் ஆட்டோ பிடிக்க வேண்டாம்; மியூசியம் நடக்கிற தூரம்தான். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்றைக்குச் செத்த காலேசு லீவு.