விட்டுப்போன சைக்கிள்

நேற்று ராத்திரி மறுபடியும் 'மெய்யழகன்'. நாலாவது தடவை. "இதையே எத்தனை வாட்டிடா பார்ப்ப?" என்று திட்டிய அம்மா, பத்தாவது நிமிஷம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

2024 செப்டம்பரில் வந்தபோது நீளம், நீளம் என்றார்கள். சில நாளிலேயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டியும் விட்டார்கள். எனக்கு அந்த நீளம்தான் படமே. நீடாமங்கலம் கல்யாணத்துக்குப் போன அரவிந்த்சாமி, தன்மேல் உயிரையே வைத்திருக்கும் கார்த்தியின் பெயர் தெரியாமல் ராத்திரி முழுக்கச் சமாளிக்கிறார். ஊரைக் காலி செய்தபோது அவர் விட்டுப்போன சைக்கிள் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது; அவருக்கோ அது தெரியவே தெரியாது. கல்யாண வீட்டில் பெயர் மறந்து அசடு வழியாதவர் யார்?

'மெய்யழகன்' காலத்துக்கும் நிற்கும் என்பது என் பந்தயம். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் ஓடவில்லை. டிவிதான் அதை வாழவைத்தது. அதனால் வசூலைப் பார்த்து நான் பந்தயம் கட்டுவதில்லை. 'பரியேறும் பெருமாள்' நிற்கும், சந்தேகமே இல்லை. கடைசியில் வரும் அந்த இரண்டு டீ கிளாஸ் போதும். '96'? பாட்டுக்காக நிற்கும் (சண்டைக்கு வராதீர்கள்).

படம் முடிந்ததும் அம்மா கும்பகோணத்துச் சித்திக்கு போன் போட்டார். மணி பன்னிரண்டரை.