கரிசல் காட்டில் நாயோடு அந்தி ஓட்டம்

தார்ச்சாலையை விட்டு விலகி வண்டிப்பாதையிலும் வரப்போரத்திலும் கண்மாய்க் கரையிலும் ஓடுவதை டிரெயில் ஓட்டம் என்பர். அதில் நாயும் சேர்ந்துகொள்ளும்போது எந்நேரம் புறப்படுவது, எவ்வளவு வேகத்தில் செல்வது, எங்கே நிற்பது ஆகிய மூன்றையும் நாயின் உடல்நிலையே முடிவு செய்ய வேண்டும். ஓடுபவர் கைக்கடிகாரத்தை மறந்து அதற்கு எவ்வளவு இசைந்து போகிறாரோ அவ்வளவுக்கு அந்த மாலை இருவருக்கும் இனிதாக அமைகிறது.

கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் காடு, அதாவது மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளையும் கறுப்பு மண் நிலம், இவ்வோட்டத்திற்கு மிகவும் உகந்தது. வெள்ளாமை எடுத்த பின் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாகக் கிடக்கும் அந்நிலம், பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பின்னும் சிறிது நேரம் அனலை விட்டுக்கொண்டிருக்கும். மனிதர் உடல் முழுவதும் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றனர். நாய்க்கோ பாத மெத்தைகளில் மட்டுமே சிறிதளவு வியர்ப்பதால், நாக்கை நீட்டி இரைப்பதையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் அதன் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், புறப்படுமுன் புறங்கையை மண்ணில் 7 விநாடி வைத்துப் பார்த்து, கை பொறுக்காவிட்டால் இன்னும் காத்திருப்பதே முறை.

இவ்வட்டாரத்தின் சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி இரையைத் துரத்தும் வேட்டை இனங்கள். முழுப் பாய்ச்சலில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, உடல் நீளும்போது ஒருமுறையும் சுருங்கும்போது ஒருமுறையும், நான்கு கால்களும் தரையை விட்டு எழும் அழகு அவற்றுக்கே உரியது. ஆனால் அது குறுகிய தூரத்துப் பாய்ச்சல். மனிதரின் நிதானமான நெடுவோட்டத்திற்கு அவற்றைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். முயலையோ மயிலையோ கண்டால் அவை பாய்ந்துவிடும். அவ்விரண்டும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை ஆதலால், நாயை அவிழ்த்து விடுவதற்கு இங்கே இடமில்லை. கழுத்துப்பட்டையில் வாரைக் கட்டி ஓடுவது தவறான பழக்கம். இழுப்பு முழுவதும் குரல்வளையில் விழும். மார்பைத் தழுவி நிற்கும் பட்டையில், சுமார் 2 மீட்டர் நீளமுள்ள, இழுத்தால் நெகிழும் வாரைப் பூட்டி, மறுமுனையை ஓடுபவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கேனிகிராஸ் முறையே இருவர் உடலுக்கும் நல்லது.

வெளிச்சம் மங்கும் அந்த அரைமணி நேரமே ஓட்டத்தின் சிறந்த பகுதி. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால், மனிதர் தடுமாறத் தொடங்கும் மங்கலிலும் அது பாதையைத் தெளிவாகக் காண்கிறது. அதன் காதுகளைக் கவனித்தபடி ஓடுவதற்குப் பழகியவர், உடைமரத்தடியிலிருந்து கௌதாரி சடசடவென்று எழும்புமுன்பே அங்கே ஏதோ இருப்பதை அறிந்துகொள்கிறார். தனியாக ஓடுபவருக்கு வாய்க்காத இன்பம் இது. இருட்டிய பின் கண்ணாடி விரியன் நடமாடும் என்பதால் விளக்கு வேண்டும்; வெடித்த மண் பிளவுகளில் நாய் மூக்கை நுழைக்கவும் விடலாகாது.

களைத்துவிட்டதை நாய் பல வேளைகளில் காட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நாக்கின் நுனி கரண்டி போல அகன்று, ஓரங்கள் மேலே சுருண்டு, நிறம் கருஞ்சிவப்பாக மாறினால் உடனே நின்று, தண்ணீர் கொடுத்து, வயிற்றையும் தொடையிடுக்கையும் நனைக்க வேண்டும். வீடு திரும்பியதும் ஒவ்வொரு பாதத்தையும் விரித்து, மெத்தைகளுக்கு இடையே நெருஞ்சியோ சீமைக்கருவேல முள்ளோ ஒடிந்து நிற்கிறதா என்றும், காது மடிப்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஆழ்ந்த மார்புடைய இனங்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகையால் ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் தீனி வைக்காதிருப்பது நலம்.

எலும்பு முனைகளின் வளர்ச்சி முடிவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். குட்டி எவ்வளவு துள்ளினாலும், அதுவரை அதை நெடுந்தூர ஓட்டத்திற்கு அழைத்துச் செல்லாதீர்கள்.