ரிப்பேர் மாதிரி வரும்

குடிகாடு, கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பியிருந்த பாடத்திட்டத்தைக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து முழுசாகப் படித்தேன். இடர் மேலாண்மை, சட்டம், பட்ஜெட், நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை எழுதுவது, தலைமைப் பண்பு என்றே போகிறது. கம்ப்யூட்டரில் கை வைக்கிற தாள் குறைவுதான். "ராத்திரி ஷிப்டில் அலர்ட் பார்க்கிற நான் ஹேக்கிங்கை இன்னும் ஆழமாகப் படிக்கட்டுமா, இந்த சைபர் செக்யூரிட்டி மேனேஜ்மென்ட் எம்.எஸ்சி.யில் சேரட்டுமா" என்று கேட்டிருந்தாய். சேர் என்றுதான் சொல்வேன். உங்கள் தொழில் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, நான் இன்ஸ்ட்ருமென்டேஷன்காரன். அதனால் ஆலைக்காரன் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

உன் துறையில் பெரிய ஆபத்துகள் பல, வரும்போது ரிப்பேர் மாதிரிதான் வந்திருக்கின்றன. நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் பேங்க் கதையை எடுத்துக்கொள். 2018 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பட்டுவாடா உத்தரவுகளை அனுப்பும் அவர்களுடைய ஸ்விஃப்ட் கணினிக்குள் புகுந்து துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் மூன்று பட்டுவாடாக்களைத் தள்ளிவிட்டார்கள். மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஸ்விஃப்டோடு இணைந்த பிரிண்டரை முதலில் செயலிழக்க வைத்தார்கள், அதனால் பணம் போனதற்கான ஒப்புகைச் சீட்டு அச்சாகவில்லை. பிப்ரவரி 7 அன்று கணக்கு ஒத்துப் பார்க்கும்போது விஷயம் வெளியே வந்தது. துபாய்க்குப் போன தொகையை நிறுத்தவும் முடிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் டாக்காவில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கும் இதே பிரிண்டர் வித்தையைத்தான் காட்டினார்கள். அங்கே பிரிண்டர் கோளாறு வழக்கமான ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமை விடுமுறையும் சேர்ந்துகொண்டது. 8 கோடியே 10 லட்சம் டாலர் போயிற்று. கவர்னர் பதவி விலகினார்.

கும்பகோணத்தில் சேதத்தைக் குறைத்தது தினமும் உட்கார்ந்து கணக்கை ஒத்துப் பார்க்கிற சலிப்பான பழக்கம். இதில் ஹேக்கிங் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறது, சொல்? ஓடாத பிரிண்டரைப் பார்த்த குமாஸ்தா யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு விழுமா, இந்தப் பழக்கத்தை ஒருநாளும் விடக்கூடாது என்று யார் உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்பதுதானே கேள்வி. உன் பாடத்திட்டத்தில் 'ஆளுகை' என்று வறட்டுத் தலைப்பில் கிடப்பது இதுதான்.

என்னை ரொம்ப உறுத்தியது சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் 2017-ல் நடந்தது. கெமிக்கல் ஆலை என்பதால் கூடக் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எங்கள் மாதிரி ஆலையில் பிளான்டை ஓட்டுவது டி.சி.எஸ். என்கிற கட்டுப்பாட்டுக் கணினி. அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறினால் யாரையும் கேட்காமல் பிளான்டை நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு பாதுகாப்பு சிஸ்டம் இருக்கும். அங்கே அது டிரைகோனெக்ஸ். ஜூன் மாதம் அது பிளான்டை டிரிப் ஆக்கியது. ஏதோ கோளாறு என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஓட்டினார்கள். ஆகஸ்டில் மறுபடி டிரிப். அப்போதுதான் தோண்டிப் பார்த்து, அந்தப் பாதுகாப்பு சிஸ்டத்துக்குள்ளேயே ஆள் புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே விட்டிருந்த மால்வேருக்கு டிரைட்டன் என்று பேர் வைத்தார்கள். உயிரைக் காக்க வைத்ததையே குறிவைத்த முதல் மால்வேர் என்கிறார்கள். புகுந்தவன் எழுதிய புரோகிராமில் ஒரு தப்பு இருந்ததால்தான் பிளான்ட் பத்திரமாக நின்றது.

இதில் ஒரு சின்ன விஷயம். அந்தக் கன்ட்ரோலரில் ஒரு சாவி உண்டு. 'ரன்' பக்கம் திருப்பி வைத்தால் வெளியிலிருந்து புரோகிராமை மாற்ற முடியாது. அது 'புரோகிராம்' பக்கமே திருப்பிக் கிடந்தது. எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஓர் இன்டர்லாக்கை பைபாஸ் செய்ய வேண்டுமானால் ரிஜிஸ்டரில் காரணம் எழுதி, யார் அனுமதித்தது, எத்தனை மணி வரை என்று கையெழுத்து வாங்க வேண்டும். புது ஷிப்ட் இன்சார்ஜ் வந்ததும் முதலில் அதைத்தான் புரட்டுவார். உங்கள் ஆட்கள் 'ரிஸ்க் அக்செப்டன்ஸ்' என்று ஒரு படிவம் வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதுவும் இந்த ரிஜிஸ்டர்தான். கையெழுத்துப் போடுகிறவருக்குக் கெடு முடிந்ததும் கேள்வி வருமா வராதா என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் நிறுவனம் 2021 மே மாதம் செய்ததையும் படித்துப் பார். காலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஓர் ஊழியர் கணினியில் மிரட்டல் குறிப்பைப் பார்த்தார். 6.10-க்குள் 5,500 மைல் பைப்லைனையும் நிறுத்திவிட்டார்கள். ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தும் உரிமை கீழே இருந்தவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. பிறகு 44 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுத்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் எனக்குக் குறை தெரியவில்லை.

வெளியே சொல்கிற விஷயத்துக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் என்று 2019 அக்டோபரில் பேச்சு கிளம்பியதும் நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு கணினி பாதிக்கப்பட்டது, உலைக் கட்டுப்பாடு தனியாகவே இருக்கிறது, செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் கொடுத்துவிட்டது என்று. உள்ளே நடந்த சேதம் சின்னதாக இருக்கலாம். முதல் நாள் மறுத்துவிட்டதால் இரண்டாம் நாள் சொன்ன உண்மையையும் ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். இப்போது 2022-ல் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவத்தை, தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு என்ன எழுதுவாய்? அதற்குப் பயிற்சி வேண்டும்.

சட்டமும் உன் பக்கம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023-ல் போட்ட விதியில், தகவல் பாதுகாப்புத் தலைவர் ஐ.டி. தலைவருக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது, அவருக்கு வியாபார இலக்கும் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. உற்பத்தி மேலாளருக்குக் கீழே பாதுகாப்பு அதிகாரியை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்று. 2004 முதல் நம் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வாடை அடித்த தேதி, நேரம், அது என்ன வாடை என்று குறித்து வைத்தது உனக்குத் தெரியும். காற்றைப் பையில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஆலைகளுக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கன்ட்ரோல் ரூம் திரையில் தெரியாதது அந்தக் குறிப்புகளில் இருந்தது. அதே மாதிரி நாளைக்கு உனக்குக் கீழே இருபது பேர் வேலை பார்க்கும்போது, உன் நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவன், "உங்கள் சர்வர் திறந்து கிடக்கிறது" என்று மெயில் போடுவான். அவன் மேல் போலீசில் புகார் கொடுக்கலாம் என்று மேலே இருப்பவர் சொல்வார். அங்கே நீ வாயைத் திறக்க வேண்டும்.

சேர்வதற்கு முன்னால் துறைத் தலைவரிடம் சிலதைக் கேள். பாடம் எடுப்பவர்களில் நிஜமான சம்பவத்தைக் கையாண்டவர் உண்டா? ஒத்திகை நடத்துகிறார்களா, அதுவும் முன்னறிவிப்பு இல்லாமலா? ஆலை, மின்சாரம், துறைமுகம் பற்றி ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும்தானா? பதிலில் வெறும் பிளேஸ்மென்ட் கணக்கு வந்தால் வேறு இடம் பார். நம் சிப்காட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. முடித்தவர்கள் நிறையப் பேர். பலருக்கு அது பிரமோஷனுக்கு ஆயிற்று, அதில் தப்பில்லை. உனக்கு அது மட்டும் போதாது.

ஹேக்கிங்கை விட்டுவிடாதே. சி.ஐ.எஸ்.எஸ்.பி., சி.ஐ.எஸ்.எம். சான்றிதழ்கள் இரண்டுக்குமே ஐந்து வருஷ அனுபவம் கேட்கிறார்கள், உன் ராத்திரி ஷிப்டெல்லாம் சி.ஐ.எஸ்.எஸ்.பி. கணக்கில் வரும். சீட்டைத் தள்ளிவைக்க முடியுமானால் இன்னும் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டும் போகலாம்.

சம்பளம் நிற்குமே என்ற அக்காவின் கவலை நியாயமானது. முதல் வருஷ ஃபீஸை நான் கட்டுகிறேன், மீதிக்குப் படிப்புக் கடன் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் நானே பேசுகிறேன், அதுவரை நீ ஒன்றும் சொல்லி வைக்காதே. அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மாமா