முதல் அறுபது அடி

கென்டக்கி மாநிலம், பௌலிங் கிரீன். 1981 முதல் கார்வெட் கார்கள் தயாராகிற ஊர். ஊர் ஓரத்தில் பீச் பெண்ட் பந்தயத் தடம். கால் மைல் நேர்கோடு, 1,320 அடி. பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவின் மர ரோலர் கோஸ்டரிலிருந்து கூச்சல் வந்து வந்து போகிறது.

வரிசையில் ஒரு செவர்லே எஸ்-10 பிக்கப். சின்ன வண்டி. பழைய எஞ்சின் இருந்த இடத்தில் எட்டு சிலிண்டர் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. பின்பெட்டி காலி. பாரம் முன்னால்தான். ஸ்டீயரிங்கில் மகள். தடுப்புக்கு இந்தப் பக்கம் அப்பா, கையில் எண்ணெய்த் துணி.

மூன்று மஞ்சள் விளக்குகள், அரை நொடிக்கு ஒன்றாக மேலிருந்து கீழே. பிறகு பச்சை. வண்டியின் பின்பக்கம் குதிக்கிறது. தடதடவென்று இரும்புச் சத்தம். மகள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறாள். பக்கத்து வண்டி போய்விட்டது.

தரையில் டயரின் கறுப்புத் தடம். விட்டு விட்டு, துண்டு துண்டாக. அப்பா தடுப்பில் சாய்ந்து அதையே பார்க்கிறார்.

நிழற்பந்தல். வண்டிக்கடியில் கட்டிய கேமராவின் படம் செல்போனில் மெதுவாக ஓடுகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழல்கிறது. ஆக்ஸில் கூடு எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. அதன் மூக்கு மேலே தூக்குகிறது. பட்டை ஸ்பிரிங் பாம்பாக நெளிகிறது. டயர் வழுக்குகிறது. ஸ்பிரிங் நிமிர்கிறது. டயர் பிடிக்கிறது. மறுபடி நெளிகிறது. அப்பா படத்தைப் பின்னால் தள்ளுகிறார். மறுபடி பார்க்கிறார்கள்.

மகளின் விரல் ஒரு கட்டையின் மேல் நிற்கிறது. வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைத்தது. 

செவ்வாய் இரவு. வீட்டுக் கொட்டகை. சிமெண்டுத் தரையில் ஸ்பிரிங்கின் நெளிவைத் தடுக்கும் மூன்று வகைக் கம்பிகள், இரவல் வாங்கியவை.

முதலாவது, சதுரக் குழாய். நுனியில் ரப்பர். பின்னால் ஆக்ஸிலைக் கவ்வும், முன்னால் நீளும். முறுக்கு வந்தால் ரப்பர் ஸ்பிரிங்கின் முன்நுனி வளையமான கண்ணில் போய் முட்டும். விலை குறைவு, வேலையும் குறைவு. அப்பா குழாயை அடியில் பிடித்துப் பார்க்கிறார். ரப்பருக்கும் கண்ணுக்கும் நடுவில் விரலை விடுகிறார். விரல் தாராளமாக ஆடுகிறது. முட்டும் வரைக்கும் ஸ்பிரிங் நெளியத்தான் செய்யும்.

இரண்டாவது, முக்கோணச் சட்டம். ஆக்ஸிலில் இரண்டு இடம், முன்னால் ஒரு இடம். சேஸிஸில் குறுக்குச் சட்டம் வெல்டிங் வைக்க வேண்டும். நேர்ப்பாதையில் கெட்டி. வளைவில் வண்டி சாயும்போது சட்டங்கள் இறுகி மல்லுக்கு நிற்கும். சுவரோரம் கூரை வேலைக்கான ஏணியும் ஆணிப் பெட்டியும். வாரநாளில் அவற்றைச் சுமப்பதும் இதே வண்டி. மகள் முக்கோணத்தைத் தூக்கி ஓரமாக வைக்கிறாள்.

மூன்றாவது, கால்ட்ராக்ஸ். இரு நுனியிலும் மரை போட்ட உருட்டுக் குழாய். முன்நுனியில் ஒரு தகடு, ஸ்பிரிங் கண்ணின் போல்ட்டிலேயே அமர்கிறது. ஆக்ஸில் முறுக்கினால் குழாய் முன்னே தள்ளும். தகடு திரும்பும். ஸ்பிரிங்கின் முன்பாதியை மேலிருந்து அழுத்தும். முறுக்குகிற பலமே டயரைத் தரையில் அமர்த்தும். மகள் தகட்டைக் கையால் திருப்புகிறாள். திருப்பிப் பார்க்கிறாள். அப்பா ஸ்பானர் பெட்டியைத் திறக்கிறார்.

கண் போல்ட்டில் துரு. எண்ணெய். காத்திருப்பு. சுத்தியல். மறுபடி எண்ணெய். நள்ளிரவில் போல்ட் கழன்று விழுகிறது.

வெள்ளி இரவு. வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கிறது. மகள் ஹெல்மெட்டோடு சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எடையும் கணக்கில் சேர்த்தி. அடியில் அப்பா மல்லாந்து கிடக்கிறார். இடது குழாயை விரலால் உருட்டுகிறார், ஆட்டம் நிற்கும் வரை. வலது குழாய்க்கு ஸ்பானரால் இன்னும் கொஞ்சம். பாயும்போது எஞ்சினின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும்.

"இறுகிடுச்சாப்பா?"

"இன்னும் இல்லம்மா. அசையாம உக்காரு."

அவள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பூட்டு நட்டு கிறீச்சிடுகிறது. அப்பா குழாயின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு இழுக்கிறார்.

சனிக்கிழமை. மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. வண்டி பின்னால் அமுங்கிப் பாய்கிறது. தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள், அறாமல்.

சாவடி ஜன்னலில் நேரச் சீட்டு. கால் மைல் நேரம் கடைசியில் இருக்கிறது. அப்பாவின் கட்டைவிரல் மேலே, அறுபது அடி வரியில் நிற்கிறது. நேரம் குறைந்திருக்கிறது. எஞ்சின் அதேதான், டயரும் அதேதான். குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறவில்லை.