குரல் கம்முவதற்குள்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலுதவி வகுப்பு நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள். வகுப்பெடுத்தவர் 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளர். முப்பதைத் தாண்டாத இளைஞர். பாயில் மார்பளவு ரப்பர் பொம்மை ஒன்று மல்லாந்து கிடந்தது.

"வெடி விபத்துல மாட்டுன ஆள்கிட்ட மொதல்ல எதைப் பாப்பீங்கக்கா?"

"எம்புட்டு வெந்திருக்குன்னு பாப்போம் தம்பி."

"எல்லாரும் அதைத்தான் பாக்குறாங்க. நான் பேச்சுக் குடுப்பேன். பேரைக் கேப்பேன். பேரு தெரியிறதுக்காக இல்ல, குரல் எப்படி வருதுன்னு தெரியிறதுக்காக."

தீக்காயம் என்றால் நம் கண் தோலுக்குத்தான் போகிறது. ஆனால் புகை மண்டிய அறையில் மூச்சு இழுத்தவருக்கு முதல் ஆபத்து தொண்டையில். சூடான காற்று பட்ட தொண்டையின் உட்சவ்வு உடனே வீங்குவதில்லை. சில நிமிடங்களிலிருந்து பல மணி நேரம் வரை எடுத்துக்கொண்டு வீங்கும். முதலில் குரல் கம்மும். இருமினால் கரி கலந்த சளி வரும். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போது சீழ்க்கை போல ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பாதை ஏற்கெனவே பாதிக்கு மேல் அடைபட்டிருக்கலாம். அலறுகிறவரைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓட, ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர் பின்னால் மூச்சுத் திணறிச் சாய்வதுண்டு.

வகுப்பில் இருந்தவர்களுக்கு 2016 அக்டோபர் 20 நினைவிருந்தது. தீபாவளி நெருக்கத்தில் சிவகாசி பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டாசுக் கிட்டங்கி தீப்பிடித்தது. புகை பக்கத்தில் இருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகுந்தது. ஸ்கேன் எடுக்க வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களுமாக இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீ அல்ல, புகை.

முகத்தில் கரி இருந்தால் புகை உள்ளே போயிருக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே அது செல்லாது என்கிறார் வகுப்பெடுத்தவர். அலுமினியப் பவுடரில் வேலை பார்ப்பவர்களுக்கு எந்த நாளும் முகம், கை, உதடு எல்லாம் வெள்ளி பூசினாற்போல்தான் இருக்கும். உதடு நீலம் பாரித்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஆகவே டார்ச் அடித்து மூக்குத் துவாரத்துக்குள் முடி கருகியிருக்கிறதா என்று பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்லி அடிநாக்கில் கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்.

பிறகு அம்பு பேக்கை எடுத்தார். மின்சாரமும் சிலிண்டரும் இல்லாமலே, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பை இது. டென்மார்க்கில் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும் ஹென்னிங் ரூபன் என்ற மயக்கவியல் மருத்துவரும் 1950களில் உருவாக்கியது. அமுக்குவது எளிது, மாஸ்க்கைப் பிடிப்பதுதான் வித்தை. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்து முகத்தோடு அழுத்த, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பில் கொக்கி போட்டு மேலே தூக்க வேண்டும். விரல் எலும்பை விட்டு நழுவி அடித்தாடைச் சதையில் அழுந்தினால், திறக்க வந்த கையே மூச்சை அடைத்துவிடும். வெடிப்பில் தூக்கியெறியப்பட்டவர் என்றால் கழுத்தை மடக்கக் கூடாது, தாடையை மட்டும் முன்னே தள்ள வேண்டும்.

திரி செருகிப் பழகிய ஒரு அக்காவின் விரல்கள் சட்டென்று பிடித்துக்கொண்டன. ஆனால் பதற்றத்தில் விசுக் விசுக்கென்று அமுக்கினார்.

"மெதுவாக்கா. ஆறு செகண்டுக்கு ஒரு தடவை போதும். நெஞ்சு லேசா எந்திரிச்சா நிறுத்திருங்க. அதுக்கு மேல அமுக்குனா காத்து வயித்துக்குத்தான் போகும். வாந்தி வரும், அது நுரையீரலுக்குள்ள போயிரும்."

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த ஆக்சிமீட்டரைப் பற்றி ஒருவர் கேட்டார். புகையில் சிக்கியவரிடம் அதை நம்பக் கூடாது என்றார் இளைஞர். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். சாதாரணக் காற்றில் அந்த நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதனால் எண் என்ன காட்டினாலும் மாஸ்க் போட்டு நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்துவிடுகிறார். படுக்க வைப்பதில்லை, உட்கார வைத்தே கொண்டுபோகிறார்.

எங்கே கொண்டுபோவது என்பதுதான் அடுத்த கேள்வி. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு இங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். தொண்டை அடைபடும் முன் மூச்சுக்குக் குழாய் போட வேண்டும். வீங்கிய பிறகு கைதேர்ந்த மயக்கவியல் மருத்துவருக்கும் அது கடினம். எனவே சிவகாசியிலோ விருதுநகரிலோ குழாய் போட்டுவிட்டு மதுரைக்கு அனுப்புவதே நல்லது. 108 கட்டுப்பாட்டு மைய டாக்டரிடம் போனில் பேசி முடிவெடுக்கிறார்கள். அந்த டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: மூடிய அறைக்குள் இருந்தாரா, வெளியே இருந்தாரா?

பதில் சிக்கலாவது இங்கேதான். உரிமம் பெற்ற ஆலையில் அறைக்குப் பல வாசல்கள் இருக்க வேண்டும். புகை வெளியேறும், ஆளும் வெளியேறலாம். வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடிமருந்து செலுத்தும் இடத்தில் ஒரே வாசல், அதுவும் சாத்தியிருக்கும். புகை அதிகம் குடிப்பவர்கள் அங்கே உள்ளவர்கள்தான். கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் அவர்களுக்காகப் போன் செய்பவர், "அடுப்புல தீ பட்டுருச்சு, கைல லேசான காயம்" என்பார். கைக்காயத்துக்கு என்று கிளம்பும் வண்டிக்கும் மூச்சுப்பாதைக்கு என்று கிளம்பும் வண்டிக்கும் ஆயத்தம் வேறு. வென்டிலேட்டர் உள்ள வண்டியை அனுப்புவதா, மயக்கவியல் மருத்துவரைத் தயாராக இருக்கச் சொல்வதா என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்தது.

வகுப்பின் முடிவில் அவர் சொல்லிக்கொடுத்தது போனில் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை: எத்தனை பேர், உள்ளே அடைபட்டிருந்தார்களா, குரல் மாறியிருக்கிறதா. "யார் எடம், யார் சரக்குன்னு நான் கேக்கமாட்டேன்க்கா. அது என் வேலை இல்ல" என்றார். அது யாருடைய வேலையோ அவர்கள் முன்கூட்டியே ஒழுங்காகச் செய்திருந்தால், இந்த மூன்றையும் சொல்ல ஒரு பெண் பயப்பட வேண்டியிருக்காது.